புல்வெளிக்கு அடியில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ்: பழி விழுந்ததோ கீசர் மேல்

தாம்பரத்துக்குத் தெற்கே, ஏரியை ஒட்டிய ஒரு குடியிருப்பு. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். நவம்பரில், மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு நாள் போன் செய்தார்.

"தம்பி, காலையில கீசர் போட்டா வீடே இருட்டாயிடுது. ரெண்டு தடவை காயில் மாத்தியாச்சு. புது கீசரே வாங்கிடலாமான்னு வீட்ல கேக்கறாங்க."

நான் வயரிங் வேலை செய்பவன். கீசர் போட்டால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் வீட்டு மின்சாரத்தை வெட்டும் ஸ்விட்ச்) விழுகிறது என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கீசரைத்தான் சந்தேகப்படுவார்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். நல்ல வெயில் அடித்த ஒரு மத்தியானம். கீசர் போட்டோம், ஏசி போட்டோம், இஸ்திரிப் பெட்டி கூடப் போட்டோம். எதுவும் விழவில்லை. காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். மறுநாள் விடியற்காலை, இரவு முழுக்கப் பெய்த மழைக்குப் பிறகு, மறுபடி போன்.

இடையில் வேறொரு எலக்ட்ரீஷியன் வந்து, "ஆர்சிசிபி வீக் ஆயிடுச்சு, அதை எடுத்துட்டு டைரக்டா கொடுத்துடலாம்" என்று சொல்லியிருக்கிறார். நல்ல வேளை, ஆசிரியர் சம்மதிக்கவில்லை. சம்மதித்திருந்தால் கீசர் நிம்மதியாக ஓடியிருக்கும், தோட்டத்தில் இருந்த கோளாறு யாருக்கும் தெரியாமல் மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கும்.

அணைத்த சர்க்யூட் எப்படி வீட்டை அணைக்கிறது

இந்தக் கதையில் பலரும் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஆர்சிசிபி செய்வது ஒரு கணக்குப் பார்க்கும் வேலை. ஃபேஸ் வழியாகப் போன மின்னோட்டம் அப்படியே நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். வீடுகளில் போடும் 30 மில்லி ஆம்பியர் வகையில், வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் கட்டாயம் விழ வேண்டும், 15 வரை விழக் கூடாது. இடைப்பட்ட இடத்தில் விழலாம், விழாமலும் இருக்கலாம்.

மழை நாளில் போனபோது ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் உள்ள ஸ்விட்சை, அதாவது எம்சிபியை, ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். தோட்டத்து விளக்கு எம்சிபியையும் அணைத்தேன். கீசர் போட்டதும் ஆர்சிசிபி விழுந்தது. அப்படியானால் தோட்டம் காரணமில்லை என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். சாதாரண சிங்கிள்-போல் (ஒற்றை முனை) எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல், டிபி பாக்ஸில் (எல்லா ஸ்விட்சும் இருக்கும் பெட்டி) உள்ள நியூட்ரல் லிங்க் என்ற பட்டையில் எல்லா சர்க்யூட்டோடும் சேர்ந்தே இருக்கும். தோட்டத்தில் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் உரசிக்கொண்டிருந்தால், எம்சிபியை அணைத்தாலும் அந்த உரசல் அப்படியே இருக்கும். கீசரின் கரண்ட் நியூட்ரலில் திரும்பும்போது அதில் கொஞ்சம் அந்த வழியாக எர்த்துக்குப் போய்விடும், ஆர்சிசிபியின் கணக்கு பொருந்தாது.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். வீட்டில் பெரிய லோடு எதுவும் ஓடாதபோது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 0.4 வோல்ட். கீசர் ஓடும்போது 2.6 வோல்ட். கீசர் 2000 வாட், அதாவது 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் ஏற்படும் வோல்ட்டேஜ் வித்தியாசம்தான் இது. பிறகு நியூட்ரல் லிங்க்கில் இருந்து வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நான்காவதாகத் தோட்டத்து நியூட்ரலைக் கழற்றியதும் கீசர் சமர்த்தாக ஓடியது. கழற்றிய அந்த நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் ஏறக்குறைய 80 ஓம். மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்தால் முள் பூஜ்ஜியத்தை விட்டு எழவே இல்லை. நல்ல சர்க்யூட் என்றால் 500 வோல்ட்டில் குறைந்தது 1 மெகா ஓமாவது காட்ட வேண்டும்.

80 ஓமில் 0.4 வோல்ட் என்றால் 5 மில்லி ஆம்பியர், ஆர்சிசிபி பேசாமல் இருக்கும். 2.6 வோல்ட் என்றால் 32 மில்லி ஆம்பியர், விழும். வெயில் நாளில் ஈரம் காய்ந்து தடை, அதாவது ஓம், ஏறிவிடும், அதனால் எல்லாமே சரியாக இருப்பது போலத் தெரியும். கீசர் செய்த ஒரே தவறு, நிறைய கரண்ட் இழுத்தது.

பாக்ஸைத் தேடியது

தோட்டத்து லைன் எங்கே போகிறது என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. சுவரில் ஓரிடத்தில் பிவிசி பைப் மண்ணுக்குள் இறங்குகிறது. அதற்குப் பிறகு கேட் தூண் விளக்கு ஒன்று, புல்வெளி ஓரத்தில் குட்டை விளக்குகள் நான்கு. ஒரு லைன் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் நடுவில் எங்கோ ஒரு ஜங்ஷன் பாக்ஸ் இருந்தாக வேண்டும். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பச்சைப் பசேலென்று கொரியன் புல்தான்.

கேட் தூண் பக்கமிருந்து பைப்புக்குள் ஸ்பிரிங் (வயர் இழுக்கும் நீளக் கம்பி) விட்டோம். 4.2 மீட்டரில் முட்டி நின்றது. சுவர்ப் பக்கமிருந்து விட்டபோது 5 மீட்டரில் முட்டியது. இரண்டு அளவையும் டேப்பில் வைத்து வளைவாகக் கோடு போட்டால் அவை இரண்டு இடங்களில் வெட்டிக்கொண்டன. ஒன்று புல்வெளியில், இன்னொன்று நடைபாதைக் கல்லுக்கு அடியில். எதைத் தோண்டுவது?

ஆசிரியர் வீட்டு அம்மாதான் வழி சொன்னார். "கிரகப்பிரவேச ஆல்பத்துல வெளியில பந்தல் போட்ட போட்டோ இருக்கு, பாருங்க." பார்த்தோம். சாமியானாக் கம்பு நட்ட இடத்துக்குப் பக்கத்தில், தரையோடு தரையாகச் சாம்பல் நிறத்தில் ஒரு சதுர மூடி. பின்னால் காம்பவுண்டுச் சுவரின் மூன்றாவது, நான்காவது தூண்கள். தூண்கள் இன்னும் அதே இடத்தில்தான் இருந்தன. புல்வெளிப் புள்ளியே சரி என்று தெரிந்தது.

மெயினையே அணைத்து, சோதனை விளக்கு போட்டுப் பார்த்த பிறகுதான் மண்ணைத் தொட்டோம். உதவிக்கு வந்த பையன் கடப்பாரையைத் தூக்கினான். வாங்கி ஓரமாக வைத்தேன். பைப் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று தெரியாத இடத்தில் கடப்பாரை ஆகாது. சிறிய களைக்கொத்தியும் கையும் போதும், நேரம் ஆனால் ஆகட்டும்.

ஒன்பது அங்குலத்தில் மூடி தட்டுப்பட்டது.

உள்ளே

மூடி ஸ்க்ரூ நான்கில் இரண்டு துருப்பிடித்துக் கையோடு வந்தன. உள்ளே முக்கால் பாகம் தண்ணீர், பழுப்பு நிறத்தில். வயர்களை முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயிண்ட்டுகள். டேப்பின் பசை கரைந்து, டேப் தொளதொளவென்று சட்டை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. செம்பு முறுக்கின் மேல் பச்சைக் களிம்பு. நியூட்ரல் முறுக்கும் எர்த் முறுக்கும் அந்தக் களிம்போடு ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. 80 ஓம் அங்கேதான் இருந்தது.

அரிகா பாம் வேர், நூல் நூலாக, பைப் மூட்டு வழியாக உள்ளே வந்து பாக்ஸில் ஒரு பந்து மாதிரி சுருண்டிருந்தது. வேர் பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு வரவில்லை. பசை போடாமல் செருகியிருந்த மூட்டில் ஈரம் கசிந்தது, வேர் அந்த ஈரத்தைத் தேடி வந்தது. இன்னொரு மூலையில் எறும்புப் புற்று. ஜங்ஷன் பாக்ஸ் மேல் எறும்புக்கு என்ன அப்படி ஆசையோ, இத்தனை வருடத்தில் எனக்குப் புரியவில்லை.

பைப்புக்குள் ஓடியது வீட்டுக்குள் சுவரில் இழுக்கிற சாதாரண வயர். மண்ணுக்கு அடியில் போகிற பைப் எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் நாளடைவில் உள்ளே தண்ணீர் சேரும். வெளியிலிருந்து வராவிட்டாலும், பகல் சூட்டில் உள்காற்று விரிந்து வெளியே போய், இரவுக் குளிரில் ஈரக் காற்றை உள்ளே இழுத்து, அது வியர்த்து நிற்கும். ஆகவே அந்த வயர் வருடக்கணக்காகத் தண்ணீரில்தான் கிடந்திருக்கிறது.

புதைத்தது யார்

வீடு 2016-இல் கட்டியது. அப்போது பாக்ஸ் தரை மட்டத்தில், மூடி வெளியே தெரிய இருந்தது. ஆல்பமே சாட்சி. 2021-இல் தோட்டத்தைப் புதிதாக அமைத்தபோது இரண்டு லாரி செம்மண் கொட்டித் தரையை எட்டு அங்குலம் உயர்த்தியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்துப் பூர்வீக மண் களிமண். தண்ணீர் நிற்கும் இடத்தில் புல் அழுகிவிடும் என்பதால் உயர்த்தியது சரியான முடிவுதான். நடுவில் அந்த மூடி ஒன்று. "இது அசிங்கமா இருக்கே சார், மேல புல் போட்டுடலாமா?" என்று தோட்டக்காரர் கேட்டிருக்கிறார். சார் சரி என்றிருக்கிறார். சார் இதை என்னிடம் சொல்லும்போது கொஞ்சம் கூச்சப்பட்டார்.

எனக்குத் தோட்டக்காரர் மேல் கோபமில்லை. ஜாயிண்ட்டைத் தரையில், புல்வெளியின் நட்டநடுவில் வைத்த ஆரம்பத்து எலக்ட்ரீஷியன் மேல்தான் கோபம். அதே பாக்ஸை மூன்று மீட்டர் தள்ளிக் காம்பவுண்டுச் சுவரில் வைத்திருந்தால் யாருக்கும் அதை மூடத் தோன்றியிருக்காது. கண்ணை உறுத்தும் இடத்தில் வைத்த பாக்ஸ் என்றைக்காவது ஒரு நாள் மண்ணுக்குள் போகும். அசிங்கமாக வைப்பதும் ஒரு வயரிங் தவறுதான் என்று இப்போதெல்லாம் வேலைக்கு வரும் பையன்களிடம் சொல்கிறேன்.

விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. அமெரிக்காவின் நேஷனல் எலக்ட்ரிக்கல் கோடில் 314.29 என்ற பிரிவு, ஜங்ஷன் பாக்ஸை மண்ணையோ நடைபாதையையோ தோண்டாமல் எட்ட முடிய வேண்டும் என்கிறது. அதற்கென்று அங்கீகரித்த பாக்ஸ்களை மட்டும் ஜல்லி, ஒட்டாத தளர்மண் போன்றவற்றால் மூடலாம், அதுவும் இடம் தெளிவாக அடையாளம் காட்டப்பட்டிருந்தால். நம் ஊரில் கேபிள் பதிக்க ஐஎஸ் 1255 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது, 1.1 கிலோவோல்ட் வரையான கேபிள் குறைந்தது 75 சென்டிமீட்டர் ஆழத்தில் போக வேண்டும் என்கிறது. கேபிள் ஆழத்தில், ஜாயிண்ட் கைக்கு எட்டும் இடத்தில். இந்த வீட்டில் கேபிள் மேலாக இருந்தது, ஜாயிண்ட் கைக்கு எட்டாமல் இருந்தது.

பிறகு என்ன செய்தோம்

"ஐபி 68 பாக்ஸ் ஒன்னு வாங்கி அதே குழியில வெச்சு மூடிட்டா என்ன?" என்று ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. ஐபி என்பது தூசும் தண்ணீரும் புகாமல் ஒரு பெட்டி எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் தர எண். ஐபி 67 என்பது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்குவதற்கான சோதனை. 68 அதைவிடக் கடுமையானது, ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர் குறிப்பிடுவார். அந்தக் குடியிருப்பில் ஐப்பசியில் ஊறும் மண் மார்கழி வரை காயாது. தவிர, கேபிள் நுழையும் இடத்தை இறுக்கும் கிளாண்டை ஒருவர் சரியாக முறுக்காமல் விட்டாலே போதும், பெட்டியில் எத்தனை நம்பர் எழுதியிருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும்.

முதல் வேலையாக ஜாயிண்ட்டுகளைக் குறைத்தோம். சுவரில் இருந்து இறங்கும் இடத்திலேயே, புது மண் மட்டத்துக்கு ஒன்றரை அடி மேலே, காம்பவுண்டுச் சுவரில் ஒரு வெதர்ப்ரூஃப் பாக்ஸ். கேபிள்கள் கீழ்ப் பக்கமாகத்தான் நுழைகின்றன. மேல் பக்கம் துளை போட்டால் மழை நேராக உள்ளே இறங்கும். அங்கிருந்து கேட் விளக்குக்கு ஒரே துண்டாக யூஜி (மண்ணுக்கு அடியில் பதிக்கும்) கேபிள், 2.5 சதுர மி.மீ. செம்பு, மூன்று கோர். குட்டை விளக்குகளுக்கு இன்னொரு கேபிள். ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்கு, ஜாயிண்ட் விளக்கின் அடிப்பெட்டிக்குள்ளேயே. இரண்டரை அடிப் பள்ளம், கீழே மணல், கேபிள், மேலே மணல், அதன் மேல் வரிசையாகச் செங்கல், ஒரு அடிக்கு மேலே எச்சரிக்கை நாடா. செங்கல் எதற்கென்றால், கடப்பாரை முதலில் அதில் "டங்" என்று இடிக்கும். பெருச்சாளிக்கும் அது ஒரு தடை. கேபிளைச் சுற்றியுள்ள உலோகக் கவசமான ஆர்மர் அடுத்த தடை. அந்த ஆர்மரை இரு முனையிலும் கிளாண்ட் போட்டு எர்த்தோடு சேர்த்தோம்.

ஓர் இடத்தில் மட்டும் ஜாயிண்ட்டைத் தவிர்க்க முடியவில்லை. சிமெண்ட் போட்ட கார் நிறுத்தத்துக்கு அடியில் பழைய கேபிள் நல்ல நிலையில் போய்க்கொண்டிருந்தது, அதை உடைக்க ஆசிரியருக்கு மனமில்லை. அங்கே செங்கல்லில் ஒரு சேம்பர் கட்டினோம். உள்ளளவு 12 அங்குலம், ஆழம் ஒன்றரை அடி. தரைக்கு சிமெண்ட் கிடையாது, ஆறு அங்குலம் ஜல்லி மட்டும். சிமெண்ட் போட்டால் அது தொட்டியாகிவிடும். ஜல்லி போட்டாலும் அந்த மண்ணில் மழைக்காலத்தில் கீழிருந்தே தண்ணீர் ஊறும், அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். தண்ணீரைத் தடுப்பது சேம்பரின் வேலையில்லை, அது ஜாயிண்ட்டின் வேலை. கிரிம்ப் செய்து (நசுக்கி இணைத்து), சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, அதற்கு மேல் ரெசின் ஊற்றிய ஜாயிண்ட்டைத் தண்ணீர் தொடாத உயரத்தில் பக்கச் சுவரில் கிளாம்ப் போட்டு மாட்டினோம். திறந்து பார்க்க ஒன்றரை அடி உபரிக் கேபிளும் சுருட்டி வைத்தோம்.

டிபி பாக்ஸில் தோட்டத்துக்கென்று தனியாக ஒரு டபுள்-போல் (இரட்டை முனை) ஆர்சிபிஓ, அதாவது ஆர்சிசிபியும் எம்சிபியும் ஒன்றாகச் சேர்ந்தது. வீட்டு ஆர்சிசிபிக்குப் பின்னால் இல்லை, அதற்கு முன்னாலிருந்தே எடுத்தோம். இனி தோட்டத்தில் எது நனைந்தாலும் தோட்டம் மட்டும் அணையும், நியூட்ரலும் சேர்ந்தே வெட்டப்படும்.

மூடிக்கு மேல் தோட்டம்

சேம்பர் மூடி விஷயத்தில்தான் நீண்ட பேச்சு நடந்தது. மின்சார வேலை இரண்டு நாளில் முடிந்தது, இது ஒரு வாரம் ஓடியது.

அம்மாவுக்கு முதலில் துளசி மாடம் வைக்க ஆசை. அதைக் கட்டிவிட்டால் பிறகு யார் இடிப்பது? வேண்டாம் என்று கும்பிட்டேன். அடுத்து, தட்டு மாதிரி குழிந்த மூடி வாங்கி அதற்குள் மண் போட்டுப் புல் வளர்ப்பது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு மூன்று அங்குல மண் சித்திரை வெயிலில் சட்டி மாதிரி காயும். சுற்றிலும் பச்சை, நடுவில் சரியாக ஒரு மஞ்சள் சதுரம். வேறொரு வீட்டில் பார்த்திருக்கிறேன், மூடியை மறைக்கப் போட்ட புல்லே மூடியைக் காட்டிக் கொடுக்கும்.

கடைசியில் தோட்டக்காரர்தான் வழி சொன்னார். கார் நிறுத்தத்திலிருந்து கேட்டுக்குப் போகும் வழியில் புல்லுக்கு நடுவே கடப்பா கல் பலகைகள் பதித்திருந்தார். "ஏழாவது கல்லு இதுக்கு மேலயே வந்துடும் சார்." கல்வரிசையை ஒரு சாண் நகர்த்தினால் போதும். 18 அங்குலச் சதுரம், 40 மி.மீ. கனம், எடை சுமார் 22 கிலோ. தூக்க இரண்டு துளை போட்டோம். உள்ளளவு 12 அங்குலம் என்றால் மூலைக்கு மூலை 17 அங்குலம், 18 அங்குலக் கல் எப்படித் திருப்பினாலும் உள்ளே விழாது. சேம்பரின் விளிம்பை மண் மட்டத்துக்கு ஒரு அங்குலம் உயர்த்தினோம், புல்லில் ஓடும் தண்ணீர் உள்ளே இறங்காமலிருக்க. வழியில் நடப்பவர்களுக்கு அது ஏழாவது கல், எங்களுக்குச் சேம்பர் மூடி.

கல்லைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கூழாங்கல். அதற்கு வெளியே பத்துமணிப் பூவும் ரியோ என்ற குட்டைச் செடியும். இரண்டும் மேலாக வேர் விடும், பிடுங்கி மறுபடி நட்டாலும் கோபித்துக்கொள்ளாது. சுவர் பாக்ஸுக்கு முன்னால் இட்லிப்பூச் செடி இரண்டு, பாக்ஸுக்கும் செடிக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்க இரண்டரை அடி விட்டு. காகிதப்பூ வைக்கலாமா என்று கேட்டார்கள். முள்ளுக்கு நடுவில் கையை விட்டு ஸ்க்ரூ கழற்றப் போவது நான்தானே, வேண்டாம் என்றேன். மூங்கில் பேச்சே எடுக்கவில்லை, நல்லது. அரிகா பாமை நான்கு அடி தள்ளி நட்டார்கள். ஸ்பிரிங்க்ளர் தலை ஒன்று நேராகச் சுவர் பாக்ஸின் மேல் அடித்துக்கொண்டிருந்ததைத் திருப்பி வைத்தோம். உரம் கரைந்த தண்ணீர் சாதாரணத் தண்ணீரை விட நன்றாக மின்சாரம் கடத்தும், செம்பையும் சீக்கிரம் தின்னும்.

பள்ளத்தை மூடுவதற்கு முன் டேப் வைத்துப் போட்டோ எடுத்து, டிபி பாக்ஸ் கதவின் உட்பக்கம் ஒட்டினோம். காம்பவுண்டுத் தூணில் சின்னதாகச் சிவப்பு அம்புக்குறி, பக்கத்தில் "1.8 மீ". ஆசிரியர் தன் கையாலேயே எழுதினார், கரும்பலகை எழுத்து.

அடுத்த ஐப்பசி

மறு வருடம் நல்ல மழைக்கு மறுநாள் போயிருந்தேன். தோட்டக்காரர் ஏழாவது கல்லை ஒற்றை ஆளாகவே நெம்பித் தூக்கினார். ஜல்லிக்கு மேல் மூன்று அங்குலம் தண்ணீர், அதில் ஒரு தேரை உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. ஜாயிண்ட் மேலே காய்ந்திருந்தது. மெகரில் 180 மெகா ஓம். எறும்பு மட்டும் சுவர் பாக்ஸின் கிளாண்ட் ஓரத்தில் மறுபடி வழி பார்த்துக்கொண்டிருந்தது, அங்கே கொஞ்சம் சிலிக்கான் வைத்தேன்.

தேரையை என்ன செய்வது என்று தோட்டக்காரர் கேட்டார். இருக்கட்டும் என்று கல்லை மெதுவாக இறக்கினோம்.